தகடு நைனா போட்ட சாக்பீஸ் கோடு

திருவொற்றியூரில் இரும்புத் தகட்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அதைச் சுட்ட ஒரே மனிதர் தகடு நைனாதான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே பயன்பட்டது.

நான் ஸ்டோர்ஸ் பார்த்த பட்டறையில் சாணை இயந்திரங்களுக்கு மூடி செய்தார்கள். சுழலும் சாணைக்கல் உடைந்தால் துண்டுகள் தோட்டாவாகப் பறக்கும். அவற்றை மூடிதான் தடுக்க வேண்டும். ஆகவே காற்றுத் துப்பாக்கியால் தகட்டின்மீது இரும்புக் குண்டை ஏவிப் பார்ப்பது நைனாவின் வேலை. தகடு குழிந்து குண்டைத் தாங்கிக்கொண்டால் தட்டிக்கொடுத்து, தேறியதற்கு அடையாளமாகப் பச்சை பெயின்ட் அடிப்பார். விரிசல் விட்டால் வசைதான்.

"கஸ்மாலம்! ஒரு அடி தாங்க மாட்டே, இன்னாத்துக்கு இவ்ளோ பளபளப்பு?"

தம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த எவர்சில்வர் தாம்பாளத்தின்மீது, அவர்கள் கண்ணெதிரே தேங்காயை ஓங்கி எறிந்தார். தாம்பாளம் குழிந்தது, விரியவில்லை. "நல்ல குடும்பம்" என்று சம்மதம் சொல்லிவிட்டார்.

பிறகு மேலாளர் மெல்லிய, மலிவான தகடு ஒன்றை இறக்கினார். கீறல்கூட விழாத கெட்டி என்று பெருமை பேசினார். நைனா சுட்டார். அப்பளமாக நொறுங்கியது.

"சார், இது வளையாது, ஒடையும். நான் பச்ச பெயின்ட் அடிக்க மாட்டேன்."

"அப்ப கேட்ல போய் உட்காரு."

"குந்துறேன் சார். போற வர்ற லாரிக்காச்சும் சலாம் போடுறேன்."

பச்சை அடையாளத்தை மேலாளரே அடித்தார். மூடிகள் லாரி ஏறின. ஒன்று எங்கள் பட்டறையின் சாணை இயந்திரத்திலும் மாட்டப்பட்டது. அதற்கு முதுகு காட்டியபடி என் நாற்காலி.

மறுநாள் நைனா பழைய தடித்த தகடு ஒன்றை என் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினார். "நேரா குந்துமா, ஆடாத" என்று என் தலையைக் கொண்டையோடு சேர்த்து அதில் சாக்பீசால் வரைந்தார்.

"இன்னா நைனா, சாமிக்கு வெக்கிற மாதிரி அக்காவுக்குத் திருவாசி வெக்கிறியா?" என்று பட்டறையே சிரித்தது. எனக்கு எரிச்சல். "போட்டோ பிடிக்கிறீங்களா?" என்றேன்.

"மால போட்ட போட்டோ ஆவக் கூடாதுன்னுதாம்மா."

ஒரு மதியம், சாணை பிடிக்கும் ஆள் டீ குடிக்கப் போயிருந்தபோது, ஓடிக்கொண்டிருந்த கல் வெடித்தது. மூடி பிளந்தது. என் முதுகுக்குப் பின்னால் கோயில் மணி விழுந்ததுபோல் ஓர் ஓசை. கேட்டிலிருந்து ஓடிவந்த நைனா என்னைப் பார்க்கவில்லை, தகட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"தாங்கிச்சிம்மா."

விசாரணையில் கல்தான் குற்றவாளி ஆயிற்று. மூடிகள் இன்றும் விற்பனையாகின்றன. வேலை நேரத்தில் கேட்டை விட்டு வந்ததற்காக நைனாவை நீக்கினார்கள்.

பழைய இரும்புக்குப் போகவிருந்த அந்தத் தகடு இப்போது என் வீட்டில் இருக்கிறது. கோட்டுக்குள், கொண்டைக்குச் சற்றுக் கீழே, முஷ்டியளவு புடைத்திருக்கிறது. தினமும் தூசி தட்டுகிறேன், கோட்டின்மேல் மட்டும் துணி படாமல்.