புலிப்பாறை வரைக்கும் பள்ளிக்கூடம்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. காட்டுக்குள் பள்ளிக்கூடம் எதற்கு என்று ஒரு முயல் கேட்டது. அதற்கு இடம் கொடுக்கவில்லை. கேள்வி கேட்காதவர்களுக்கெல்லாம் இடம் கிடைத்தது.

அந்தப் பள்ளியில் தொந்தியப்பன் என்றொரு கரடி விளையாட்டு வாத்தியார். மானுக்கு ஓடவும் குரங்குக்குத் தாவவும் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? ஆகவே மணி அடிப்பது, வேலியைச் சரிபார்ப்பது, மாணவர் ஒழுங்கு என்று கேட்பாரற்றுக் கிடந்த வேலையெல்லாம் அவர் தலையில் விழுந்தது. பதினோரு வருஷமாகத் தற்காலிகப் பணி. நிரந்தர ஆணை மேசைமேல் தயாராக இருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி என்று தலைமையாசிரியை அந்தப் பதினோரு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொந்தியப்பன் வாரத்தில் ஆறு நாள் "சரிங்க மேடம்" சொல்வார். ஏழாம் நாள் இலுப்பைத் தோப்புக்குப் போய்விடுவார். உதிர்ந்து புளித்துக் கிடக்கும் இலுப்பைப் பூவை வயிறு முட்டத் தின்றால் கரடிக்குத் தலை லேசாகக் கிறங்கும். கிறங்கினால் ஆடுவார். இடுப்பை ஒடித்து, கண்ணை மூடி, ஒரு மாதிரி ஆடுவார். அதை யாரும் பார்த்ததில்லை. தோப்பு பள்ளியிலிருந்து மூன்று மைல் தள்ளி இருந்தது.

தலைமையாசிரியை கலாபவல்லி ஒரு மயில். தோகை என்னவோ ஆண்மயிலுக்குத்தான். ஆகவே அம்மையார் தம் கம்பீரத்தையெல்லாம் குரலில் வைத்திருந்தார். துருப்பிடித்த தகரக் கதவைத் திறந்தால் ஒரு சத்தம் வருமே, அந்தக் குரல். "ஏ கடைசி பெஞ்ச்!" என்று அவர் கூவினால் முதல் பெஞ்சும் எழுந்து நிற்கும்.

பத்தாம் வகுப்பில் கிண்கிணி என்றொரு மலைமைனா படித்தாள். காதில் விழுந்தது அப்படியே வாயில் வந்துவிடும். அது அவள் குலத்துக்கே உள்ள கோளாறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்கிணியின் தாய்மாமன் பிள்ளைக்குக் காதுகுத்து. மைனாவுக்குக் காது எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. விருந்து இருந்தது, வந்தார்கள். சாப்பிட்ட அசதியில் ஒரு சித்தப்பா, "கிண்கிணி, உங்க மேடம் மாதிரி பேசு பாப்போம்" என்றார். அவள் கிளையில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "ஏ கடைசி பெஞ்ச்! சிரிப்பா இருக்கா? உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா! அப்பா சிரிச்சா தாத்தாவைக் கூட்டிட்டு வா!" என்று கூவினாள். சிரித்த சிரிப்பில் இரண்டு குயில்கள் கிளையிலிருந்து கீழே விழுந்தன. பந்தியில் இருந்த ஒரு குரங்கு அதைச் செல்போனில் பிடித்து, காட்டிலுள்ள எல்லா வாட்ஸப் குழுவுக்கும் அனுப்பியது.

திங்கட்கிழமை காலைக்குள் கலாபவல்லிக்கு அதே வீடியோ நாற்பத்தோரு பேரிடமிருந்து வந்தது. எல்லோரும் "தங்கள் கவனத்திற்கு" என்று போட்டிருந்தார்கள். பாதிப் பேர் பக்கத்தில் சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தார்கள்.

கிண்கிணியின் அம்மா பொன்மூக்காள் வரவழைக்கப்பட்டாள். தொந்தியப்பன் விதிப் புத்தகத்தோடு ஓரமாக நின்றார்.

"உங்க பொண்ணை சஸ்பெண்ட் பண்ணப்போறேன்" என்றார் கலாபவல்லி.

"எதுக்குங்க? எங்க வீட்டு விசேஷம், எங்க மரம், ஞாயித்துக்கிழமை. அங்க எம் பொண்ணு பாடுவா, கத்துவா. அதைக் கேக்கப் பள்ளிக்கூடம் யாரு?"

"கரடி சார், விதி பதினாலைப் படிங்க."

தொந்தியப்பன் படித்தார். "பள்ளி எல்லைக்குள் ஆசிரியரை இழிவு செய்யும் மாணவர் பத்து நாள் இடைநீக்கம் செய்யப்படுவார்."

"எல்லைக்குள்ளதானே?" என்றாள் பொன்மூக்காள்.

கலாபவல்லி கொஞ்ச நேரம் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தார். "கரடி சார், எல்லைன்னா என்ன?"

"வேலிங்க மேடம்."

"வேலின்னா?"

"மூங்கில் படலுங்க. நாலடிக்கு ஒரு குச்சி."

"நகர்த்தலாமா?"

தொந்தியப்பனுக்கு மேசைமேல் இருந்த ஆணை கண்ணில் பட்டது. "நகர்த்தலாங்க மேடம்" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள், விருந்து நடந்த மைனாக்களின் நாவல் மரம் பள்ளிக்குள் வந்துவிட்டது. புதிய எல்லை போன சனிக்கிழமை முதலே அமலுக்கு வந்ததாகத் தேதி போட்டு, கலாபவல்லி கிண்கிணியைப் பத்து நாள் சஸ்பெண்ட் செய்தார்.

இதில் ஒரு சிக்கலை யாரும் யோசிக்கவில்லை. சஸ்பெண்ட் ஆனவர் பள்ளி எல்லைக்குள் இருக்கக் கூடாது. கிண்கிணியின் கூடு இப்போது பள்ளி எல்லைக்குள் இருந்தது.

"அப்ப என் பொண்ணு எங்கதான் இருப்பா?" என்று பொன்மூக்காள் அழுதாள்.

"வேலிக்கு வெளியே" என்றார் கலாபவல்லி.

கிண்கிணி வேலியைத் தாண்டி ஒரு புங்கமரத்தில் போய் உட்கார்ந்தாள். பசி ஒரு பக்கம், அம்மாவைப் பிரிந்த துக்கம் ஒரு பக்கம். பொழுதும் போகவில்லை. என்ன செய்வாள்? "ஏ கடைசி பெஞ்ச்!" என்று கூவினாள். பள்ளி முழுக்கச் சிரித்தது. கலாபவல்லி தொந்தியப்பனைப் பார்த்தார். தொந்தியப்பன் கடப்பாரையை எடுத்தார்.

புங்கமரம் உள்ளே வந்தது. கிண்கிணி அடுத்த மரத்துக்குப் போனாள். அங்கிருந்து கூவினாள். வேலி அங்கேயும் போனது. இப்படியே நாலு நாள். தொந்தியப்பனுக்கு உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஐந்தாம் நாள் அவர் குச்சி அடித்துக்கொண்டிருந்தபோது கிண்கிணி கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தாள்.

"சார், கை வலிக்குதா?"

"வலிக்காம என்னம்மா செய்யும்?"

"நாளைக்கு ஆத்தங்கரை மருதமரத்துல உக்காரலாம்னு இருக்கேன். இன்னிக்கே நேரா அதுவரைக்கும் போட்டுடுங்க. எதுக்கு ரெண்டு வேலை?"

இந்தப் பிள்ளையையா நாம் தண்டிக்கிறோம் என்று கரடி நினைத்தார். ஆனாலும் மருதமரம் வரைக்கும் வேலி போட்டார்.

வேலிக்குள் வந்தவர்கள் பாடுதான் பெரும்பாடு. ஆற்றோரம் வெயில் காய்ந்த முதலைக்குத் தாமதமாக வந்ததாகச் சீட்டு கொடுத்தார்கள். ஒரு கிழட்டு முள்ளம்பன்றியை முள்ளை ஒட்ட வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். எருமைகள் இரட்டை ஜடை போட வேண்டும் என்று உத்தரவு. எதில் போடுவது என்று தெரியாமல் அவை ஒன்றின் வாலை இன்னொன்றின் வாலோடு பின்னிக்கொண்டு வந்தன.

ஆறாம் நாள் வேலி இலுப்பைத் தோப்பை நெருங்கியது. தோப்பு உள்ளே வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் உள்ளே வரும். தொந்தியப்பன் தோப்பை விட்டுவிட்டு, வேலியை ஒரு வளை வளைத்து அப்பால் கொண்டுபோனார். கலாபவல்லி மேலே பறந்து வந்து பார்த்தார்.

"சார், இங்க என்ன பள்ளம் மாதிரி உள்ளே போகுது?"

"பாறைங்க மேடம்."

"இலுப்பைப் பூ வாசனை வருதே?"

"வாசனைப் பாறைங்க."

"நிரந்தரம் ஆகப்போறவர் நீங்க. பொய் சொல்லலாமா?"

தோப்பு உள்ளே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தொந்தியப்பன் தோப்பு ஓரத்தில் கைகட்டி நின்றார். பூக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஒவ்வொரு பூவுக்கும் அவருடைய வலது கால் தானாகத் துடித்தது. இடது காலால் அதை மிதித்துக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு நீளமான ஞாயிற்றுக்கிழமையை அவர் பார்த்ததில்லை.

மறுநாள் கிண்கிணி கேட்டாள். "சார், பக்கத்துல மரமெல்லாம் தீர்ந்துபோச்சு. நாளைக்குப் புலிப்பாறைக்குப் போகட்டுமா?"

காட்டுக்கே ராஜாவான வரிப்புலி ராயர் அந்தப் பாறைக் குகையில்தான் குடியிருந்தார். பகலெல்லாம் தூங்குவார். தொந்தியப்பன் கடப்பாரையில் சாய்ந்தபடி நெடுநேரம் யோசித்தார். அவர் வாழ்க்கையில் சொந்தமாக யோசித்தது அதுதான் முதல் தடவை.

"போம்மா" என்றார். அன்றைக்கே வேலியையும் பாறை வரைக்கும் போட்டார்.

அன்று மாலை கலாபவல்லி, "எல்லாம் ஒழுங்கா போகுதா? அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"பாறைங்க மேடம்" என்றார் தொந்தியப்பன். இந்த முறை அது உண்மை.

மறுநாள் காலை மணிச் சத்தத்தில் ராயர் கண் விழித்து வெளியே வந்தார். எதிரே கலாபவல்லி நின்றார். அதிகாரம் தலைக்கேறினால் புலிக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாது போலும்.

"அடையாள அட்டை எங்க தம்பி?"

ராயரை யாரும் இதுவரை எதுவும் கேட்டதில்லை. "இல்லையே" என்றார்.

"நேரங்கழிச்சு வேற வந்திருக்கே. போய்க் கடைசி பெஞ்ச்ல உக்காரு."

தொந்தியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது ராயர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஆறு வரிசை மான்கள், முதுகைக் காட்டிக்கொண்டு, நடுங்கியபடி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தன.

"வாத்தியாரே," என்று ராயர் மெல்லிய குரலில் கேட்டார், "இவங்க தினமும் இப்படி வருவாங்களா?"

"வருவாங்க ராஜா. வரலைன்னா ஆப்சென்ட் போட்டுடுவோம்."

"இவ்வளவு வரிசையாவா?"

"உயரப்படிங்க."

ராயருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அப்பா மான் பின்னால ஓடியே மூட்டு தேஞ்சு போனாரு. இப்படி ஒரு இடம் இருக்குன்னு யாரும் அவர்கிட்ட சொல்லலையே!"

சாப்பாட்டு மணி அடித்ததும் ராயர் எழுந்தார். கலாபவல்லி விதிப் புத்தகத்தை நீட்டினார். "விதி மூணு. பள்ளி எல்லைக்குள் சக மாணவரை அடிப்பதோ கடிப்பதோ தின்பதோ கூடாது."

"எல்லைக்கு வெளியே?"

"வெளியேன்னு ஒண்ணு இப்ப கிடையாது தம்பி. காடு முழுக்கப் பள்ளிக்கூடம்தான்."

"அப்ப நான் எங்க சாப்பிடறது?"

"டிபன் பாக்ஸ் கொண்டு வரணும்."

ராயர் உட்கார்ந்து, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பசியோடு படித்தால் சட்டம் நன்றாகப் புரியும்.

மறுநாள் பெற்றோர் கூட்டம். பொன்மூக்காள் எழுந்து தன் மகளுக்காகப் பேசினாள். யாரும் கவனிக்கவில்லை. முதலை கொட்டாவி விட்டது. அப்போது பின்னாலிருந்து ராயர் எழுந்தார். கொட்டாவி பாதியில் நின்றது.

"மாணவனுக்குன்னு ஒரு சொந்த வாழ்க்கை உண்டு" என்று ராயர் தொடங்கினார். "கடைசி மணி அடிச்ச பிறகு, வேலிக்கு வெளியே, நான் என்ன பேசறேன், யாரோட இருக்கேன், யாரைச் சாப்பிடறேன், இதைக் கேக்கப் பள்ளிக்கூடம் யாரு? பாவம் அந்த மைனாக் குழந்தை! வேலி பழைய இடத்துக்கே போகணும்."

பொன்மூக்காள் விம்மி விம்மி அழுதாள். எருமைகள் கைதட்ட முடியாமல் வாலைத் தட்டின. ஒரு புள்ளிமான் அப்பா மட்டும் எழுந்து, "ஐயா, அந்த மூணாவது விஷயம் இருக்கே, அது எங்களுக்கும் கொஞ்சம் சொந்த விஷயம்..." என்று இழுத்தார். ராயர் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் புன்னகையின் பற்களைக் கலாபவல்லியும் எண்ணினார். "மாணவரின் தனியுரிமையை இந்தப் பள்ளி என்றைக்கும் மதித்தே வந்திருக்கிறது" என்று அறிவித்தார்.

பத்து நாளாக வைத்த வேலியைத் தொந்தியப்பன் ஒரே பகலில் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார். கொப்புளம் வலிக்கவே இல்லை. கிண்கிணி நாவல் மரத்துக்குத் திரும்பி, அம்மா ஊட்டிய பழத்தை விழுங்கிக்கொண்டே அவரிடம் கேட்டாள். "நல்லதுதானே சார் நடந்தது?"

தொந்தியப்பன் பள்ளி வாசலைப் பார்த்தார். வேலிக்கு ஓரடி வெளியே ராயர் துண்டை விரித்து உட்கார்ந்து, கடைசி மணிக்காகக் காத்திருந்தார்.

"உனக்கும் எனக்கும் நல்லதுதாம்மா" என்றார் கரடி. "நீ பறப்பே. என்னைத் தின்னா முடி வாயில மாட்டும்."

கடைசி மணி அடித்தது. மான்கள் வாசல் வரை வந்தன. துண்டைப் பார்த்தன. திரும்பி வகுப்புக்குள் போய், கணக்கில் சந்தேகம் இருக்கிறது என்றன. அன்றிலிருந்து அவை வீட்டுக்குப் போகவே இல்லை. சந்தேகம் தீரத் தீரப் புதுச் சந்தேகம் கேட்டன. வேறு வேலை இல்லாததால் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்தன. இவ்வளவு நேரம் பிள்ளைகளைப் பள்ளியில் அடைத்து வைப்பது அநியாயம் என்று ராயர் வாரம் ஒரு மனு கொடுத்தார்.

வருஷக் கடைசியில் பத்தாம் வகுப்பு மான்கள் அத்தனையும் தேர்ச்சி. கலாபவல்லி மேடையேறி, "இதற்கெல்லாம் காரணம் என் கண்டிப்புதான்!" என்று கூவினார். "வெற்றி பெற்ற செல்வங்களே, ஆளுக்கொரு டி.சி. வாங்கிக்கொண்டு வெளியே செல்லலாம்!"

மான்கள் வாசலைப் பார்த்தன. வாசலில் ராயர் துண்டை உதறி மறுபடி விரித்தார்.

முதல் மதிப்பெண் எடுத்த மான் மெல்லக் காலைத் தூக்கியது. "மேடம், மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாமா?"

"நூத்துக்கு நூறு எடுத்திருக்கியே, இன்னும் எவ்வளவு கூட்டறது?"

"கூட்ட வேண்டாம் மேடம். எழுபதைக் குறைச்சுடுங்க."

விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று எல்லா மான்களும் ஒரே சமயத்தில் கேட்டன. தொந்தியப்பன் ஓடிப்போய் ஒரு கட்டுப் படிவம் எடுத்து வந்தார். வரிசை மேடையிலிருந்து கழிப்பறை வரைக்கும் நின்றது. உயரப்படி.

நீதி: உரிமை கேட்கப் போகும்போது ஒரு புலியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். கிடைத்த பிறகு, வீட்டுக்கு மட்டும் வேறு வழியாகத் திரும்புங்கள்.