அந்த அரை டம்ளர் யோசனை என்னுடையது

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் குழந்தையும் உன் அக்கா வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள். இங்கே நானும் சௌகரியம். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்பது ஒரு வரியில் அடங்காது என்பதால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அது நடக்காது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போன் செய்தபோது மாப்பிள்ளைக்கு நாக்கு குழறியது. "குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாய், பதில் வருவதற்குள் வைத்துவிட்டாய். அதன்பின் நாலு நாளாக எங்கள் இருவர் போனையும் எடுக்கவில்லை. அவர் மாத்திரையை விட்டு ஒரு மாதம் தாண்டட்டும், வருகிறேன் என்று சொல்லிப் போனவள், இனி வரவே மாட்டாய் என்று உன் அக்கா சொல்கிறாள். அம்மா, சத்தியமாகச் சொல்கிறேன், அதில் அவர் தப்பு ஒரு சொட்டுகூட இல்லை. முழுக்க என் தப்பு.

வயரிங் வேலையில் ஏணியிலிருந்து விழுந்தவருக்கு வலிக்கென்று கொடுத்த மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு என்று ஆரம்பித்து ஒன்பதில் போய் நின்றது உனக்குத் தெரியும். அது அபின் வகை மாத்திரை, விட்டால் உடம்பு என்ன பாடு படுத்தும் என்பதுதான் உனக்கும் எனக்கும் தெரியாமல் இருந்தது. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவன் நான், கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பேனா? ஒரு நோட்டு போட்டு எல்லாவற்றையும் குறித்து வருகிறேன். மாத்திரையை விட்ட மூன்றாம் நாள், காலை 9.40 முதல் 10.15 வரை தும்மல் இருபத்தாறு. நாலாம் நாள், கழிவறைக்குப் பதினோரு நடை, அதில் இரண்டு தாமதம். கொட்டாவியையும் எண்ணினேன், அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் வந்ததால் கணக்கு குழம்பிவிட்டது. "மாமா, தயவு செஞ்சு அந்த நோட்ட மூடுங்க" என்றார். பாவம், கோபத்திலும் 'தயவு செஞ்சு' போடுகிறார்.

ஆறாம் நாள் செவ்வாய். மூன்று நாளாகத் தூக்கமே இல்லை. படுத்தால் கால் தானாக உதைக்கிறது, போர்த்தினால் வியர்வை, எடுத்தால் நடுக்கம். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அலமாரியின் மேலே, பழைய ஷூ பெட்டிக்குள் நான் ஒரு பாட்டில் வைத்திருந்தேன். (அதைப் பற்றி நேரில் திட்டிக்கொள்.) மதியம் 3.40-க்கு அரை டம்ளர் ஊற்றி, "குடிங்க, அசந்து தூங்கிடுவீங்க" என்று நீட்டினேன். அவர் மூன்று தடவை வேண்டாம் என்றார். மாமனார் பேச்சைத் தட்ட முடியாத மனுஷன், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விளக்கெண்ணெய் மாதிரி விழுங்கினார்.

தூங்கினார், ஐம்பது நிமிஷம். எழுந்ததும் நீ போன் செய்தாய். அதற்குப் பிறகுதான் இருக்கிறது கூத்து. நாலு தடவை வாந்தி, குடித்த தண்ணீரெல்லாம் வெளியே. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. அப்புறம் எழுந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மாத்திரை அட்டை தேட ஆரம்பித்தார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும், அவருக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்கில் நான் முன்பே ஒப்படைத்திருந்தேன், தப்பித்தோம். கிடைக்கவில்லை என்றானதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டேனே தவிர என் முட்டிக்கு எழுந்திருக்க வரவில்லை. அழுதுகொண்டே கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டது அவர்தான்.

மறுநாள் கிளினிக் நர்ஸ் என்னை நிற்க வைத்துத் திட்டினாள். உன் வயதுதான் இருக்கும். "யாருங்க ஊத்திக் குடுத்தது? நீங்களா பெரியவரே? அது தூக்கமே இல்லங்க, அரைகுறை மயக்கம். ஏற்கெனவே பேதில தண்ணி வத்தின உடம்பு, அத இன்னும் வத்த வைக்கும். நாங்க குடுக்கற மருந்தோட அது சேர்ந்தா பிரஷர் இறங்கும், மூச்சே மந்தமாயிடும். அது தெளிஞ்சதும் பதட்டம் ரெண்டு பங்கா வரும், மனசு தளர்ந்து மாத்திரையத் தேடும். இப்ப அவரு பழைய கணக்குல ஒன்பத முழுங்கினா உடம்பு தாங்காது, உசுருக்கே ஆபத்து. அதெல்லாம் தப்பிச்சாலும், மாத்திரைய விட்டுட்டு பாட்டில பிடிச்சிக்கிட்டா என்ன லாபம்?" வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாட்டிலைச் சாக்கடைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

இன்று பத்தாம் நாள். சோறு இறங்குகிறது. நேற்று ஐந்து மணி நேரம் தூங்கினார். சும்மா இருக்க முடியாமல் வீட்டு சுவிட்சுகளையெல்லாம் கழற்றி மாட்டினார், இப்போது குளியலறை சுவிட்சைப் போட்டால் ஹாலில் மின்விசிறி சுற்றுகிறது. ஆனால் ஸ்க்ரூ முடுக்கும்போது கை நடுங்கவில்லை அம்மா, நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நீ அவசரப்பட்டு வர வேண்டாம், மாதம் முடியட்டும், நான் சமாளித்துக்கொள்கிறேன். கோபத்தை மட்டும் என் பக்கம் திருப்பிக்கொள்.

நீ மனநிறைவோடு நூறு வருஷம் இருக்க வேண்டும். குழந்தை கன்னத்தில் என் பங்குக்கு இரண்டு முத்தம் கொடு.

உன் அப்பா

பி.கு.: எழுதியதை மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடுத்தது பெரிய தவறு. "மூணு தடவ வேண்டாம்னேனா? ஒரு தடவகூட சொல்லலயே மாமா! பெட்டிக்குள்ள பாட்டில் இருக்குன்னு தெரிஞ்சு, நான்தானே கெஞ்சிக் கேட்டேன்?" என்கிறார். அவள் திரும்பி வர வேண்டாமா, சும்மா இருங்கள் என்றேன். "மாத்திரைய ஒளிச்சு வெச்சப்போ அவகிட்ட சொன்ன பொய்யே போதும் மாமா. இன்னொரு பொய்யால அவ வர வேண்டாம். நான் கேட்டேன், நீங்க ஊத்தினீங்க, அப்படியே எழுதுங்க" என்று என் தலைக்கு மேலே வந்து நிற்கிறார். எழுதிவிட்டேன். ஆக, மேலே இருப்பதில் நர்ஸ் திட்டியது நிஜம், யோசனை என்னுடையது என்பது பொய். நான் சமாளித்துக்கொள்கிறேன் என்றதும் பொய். உன்னை வா என்று எழுத வேண்டாம், அதைக் கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்கிறார். எனக்கு இருக்கிறது. வாம்மா.