எழுநூறு வயதுச் சித்தரின் நேரலை

ஊமைப்பாறைக் குகையில் எழுநூறு வருடமாக வாய் திறக்காமல் தவமிருந்த சித்தர், ஏற்காட்டில் இணையம் வேகமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் பேசத் தொடங்கிவிட்டார். கூட்டம் அலைமோதியது. ஏரியில் படகு விடுகிறவர்கள் ஈ ஓட்டினார்கள்.

ஏற்பாடெல்லாம் ஞானசுந்தரம். முன்பு சேலத்தில் செல்போன் கடை. இப்போது காவி ஜிப்பா, காதில் ப்ளூடூத், 'ஆன்மிகச் சுற்றுலா வழிகாட்டி' என்று பட்டம். பஸ் நிலையத்திலிருந்து ஜீப்பில் கூட்டி வருவார்கள். குகை வாசலில் பெட்டி மாதிரி ஒரு வி.ஆர். கண்ணாடியைக் கண்ணில் மாட்டுவார்கள். உடனே வெண்தாடிச் சித்தர் எதிரே வந்து உட்காருவார். உங்கள் பெயரைச் சொல்வார். வீட்டுக் கஷ்டத்தைப் புட்டுப் புட்டு வைப்பார். காத்திருப்பவர்கள் சலிக்காமலிருக்க வெளியே பெரிய டி.வி.யில் நேரலை. பெங்களூரில் கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லும் வேலை பார்ப்பவர்கள்கூட, கண்ணாடியைக் கழற்றும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காப்பி எஸ்டேட் அட்டையைக் காட்டினால் தொழிலாளருக்கு இலவசம். உள்ளூர்க்காரன் விழுந்து கும்பிட்டால்தானே வெளியூர்க்காரனுக்கு நம்பிக்கை வரும்!

அப்படி விழுந்தவர்களில் ஒருவர் வாழவந்தி ஐயாக்கண்ணு. அவர் மகள் கீர்த்தனாவுக்குச் சேலத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சித்தர் சொல்லிவிட்டார்: "ஐயாக்கண்ணு! உன் மகள் இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி இறங்கினால் திரும்ப மாட்டாள். ஒரு வருடம் இந்தக் குகைக்குத் தொண்டு செய்தால் கண்டம் விலகும்."

மறுநாளே கீர்த்தனா குகை வாசலில் சம்பளமில்லாமல் கண்ணாடி துடைக்க வந்துவிட்டாள். சித்தருக்கும் ஆள் பற்றாக்குறை போலும்.

ஐயாக்கண்ணுவின் தங்கை கவிதாவுக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் புத்தகப் பையை இறக்கிவிட்டுக் காப்பிப் பழம் பறிக்கப் போனவள் அவள். அண்ணன் மகளாவது படிக்கட்டும் என்றிருந்தாள்.

"ஏண்ணா, அந்தாளுக்கு உம்பேரு எப்படித் தெரியும்?"

"அட்டையைக் காட்டுனனே."

"சரி, கீர்த்தனாவுக்கு எடம் கெடைச்சது?"

"அதான் புள்ள சித்தரு! நான் யாருகிட்டயும் மூச்சு உடல. ஜீப்பு டிரைவரு லூர்துராஜு மட்டும், தங்கமான மனுசன், ஊட்டுல எத்தன பேரு, புள்ளைங்க என்ன பண்ணுதுன்னு அக்கறையா விசாரிச்சாப்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை கவிதா தன் எஸ்டேட் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தன் அட்டை என்றால், அவள் கையிலிருக்கும் அட்டை. அதிலுள்ள பெயர் கண்ணாயி; பிறந்த வருடமும் கண்ணாயியுடையதுதான். அவள் அம்மா, இறந்து ஆறு வருடம். இறந்தவள் இடத்தில் புது ஆள் சேர்ப்பது பெரிய பாடு என்பதால், "பேசாம உங்கம்மா பேருலயே வந்துரு" என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காலையில் "கண்ணாயி!" என்று கூப்பிட்டால் "இருக்கேனுங்க" என்பவள் கவிதா. செத்த பிறகும் லீவு போடாமல் வேலைக்கு வருகிறவர்கள் அந்த எஸ்டேட்டில் நாலைந்து பேர் உண்டு. இது மலையில் எல்லோருக்கும் தெரியும்.

ஜீப்பில் லூர்துராஜ் ஆரம்பித்தான். "ஏனுங்கம்மா, மொகம் வாடிக் கெடக்குது? ஊட்டுல ஏதும் கஷ்டமுங்களா?"

ஸ்டியரிங் பக்கத்தில் அவன் செல்போன். யாருடனோ அழைப்பு ஓடிக்கொண்டேயிருந்தது. கவிதா மூக்கை உறிஞ்சினாள்.

"ஒரே பையனுங்க, கோகுலு. துபாயில இருக்கான். மூணு மாசமாப் போனே இல்லீங்க."

அவளுக்கு இருப்பது ஒரே மகள். நாலாவது படிக்கிறாள்.

குகை வாசலில் பதிவுக்காக அட்டையைச் செல்போனில் படமெடுத்த கீர்த்தனா திகைத்தாள். "அத்தே, இது ஆயாவோட..."

"பேசாம மாட்டி உடு கண்ணு."

டி.வி.யில் சித்தர் தாடியை நீவினார். "கண்ணாயி! அறுபத்தெட்டு ஆண்டுகளாக உன்னைக் காத்து வருகிறேன். துபாயில் உன் மகன் கோகுல் நலமாக இருக்கிறான். கவலை வேண்டாம். உனக்குத் தொண்ணூறு வயது வரை ஆயுள்!"

வெளியூர்க் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உள்ளூர்க் கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"தொண்ணூறுங்களா?" கிளியூர் அங்கப்பன் முன்னால் வந்தார். "கண்ணாயிக்குக் குழி வெட்டுனதே நானுங்க!"

கவிதா கண்ணாடியைக் கழற்றினாள். "கண்ணாயி எங்கம்மாங்க. செத்து ஆறு வருசமாச்சு. கோகுல இன்னிக்கிக் காத்தால உங்க ஜீப்புலதானுங்க பெத்தேன்."

ஞானசுந்தரம் குறுக்கே வந்தார். "அது வந்து... ஆவி உலக சிக்னல் குறுக்கிட்டிருச்சு."

"அப்படியுங்களா? இந்தண்ணன் நடந்துதான் வந்தாரு. அட்டை காட்டல, ஜீப்புல ஏறல. அவரு பேரை மட்டும் சித்தரு சொல்லட்டும். நானும் ஒரு வருசம் கண்ணாடி தொடைக்கிறேன்."

கூட்டமே சேர்ந்து அங்கப்பனைப் பிடித்து உட்காரவைத்தது.

"குழந்தாய்," என்றார் சித்தர். தாடியை நீவிவிட்டு, "குழந்தாய், உன் மனதில் ஒரு கவலை இருக்கிறது."

"ஆமாங்க. எம்பேரு என்னன்னு நீங்க சொல்லிட்டாப் போயிருமுங்க."

சித்தர் தாடியில் வைத்த கையை எடுக்கவில்லை. முகத்துக்கு நடுவே ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டேயிருந்தது. தேடிக்கொண்டு ஓடியவர்களிடம், பாறைக்குப் பின்னால் தார்ப்பாய்க் கூடாரத்தில் ஒருவன் ஹெட்போனும் மடிக்கணினியுமாக அகப்பட்டான். திரையில் கடைசியாக அடித்திருந்தது: 'ஜீப் மூணு. கண்ணாயி. மகன் கோகுல், துபாய். அழுகிறாள்.'

லூர்துராஜின் ஜீப் அதற்குள் மலையிறங்கிக்கொண்டிருந்தது. ஞானசுந்தரம் பின்னாலேயே ஓடினார்.

கூட்டத்தில் நின்றிருந்த ஐயாக்கண்ணு தலை நிமிரவில்லை. "எங்கம்மாவுக்கு எங்கையால மண்ணு தள்ளுனேன். அவளுக்கே ஆயுசு சொல்றான் படுபாவி," என்றவர், மகள் கையிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தார். "ஊட்டுக்குப் போயித் துணிமணி எடுத்து வை சாமி. நாளைக்கு மொத பஸ்சு."

கவிதா கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நல்ல சாமான்தாண்ணா. காப்பிச்செடி வளருறது, பூக்கிறது, நாங்க குனிஞ்சு பறிக்கிறது, எல்லாத்தையும் வாரவங்களுக்கு இதுல காட்டலாம். இவன் தாடியத்தானே காட்டுனான்!"

அப்போது பின்வரிசையிலிருந்து பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டார்: "அடுத்த தரிசனம் எத்தனை மணிக்குங்க?"

சாமி பார்க்கப் போகிறவர்களே, செருப்பை வாசலில் கழற்றுங்கள். கூடவே மூளையையும் கழற்றிவிடாதீர்கள். செருப்பு தொலைந்தால் கால் சுட்டு உடனே தெரிந்துவிடும். மூளை தொலைந்தது மட்டும், தொலைத்தவனுக்குத் தெரிவதே இல்லை.