திராட்சைத் தடிக்கு மாப்பு

வெள்ளிக்கிழமை மக்காவுக்கு உம்றாப் பயணம். புறப்படுமுன் செய்யும் வழக்கப்படி ஆலங்குடாவில் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டு முடித்துவிட்டார் நிஸார். அக்கா முறையில் 'தாத்தா' என்று அவர் கூப்பிடும் அடுத்த வீட்டு ஜுனைதா மட்டும் பாக்கி. தெரிந்தே செய்த பிழை அங்கேதான் இருந்தது.

நான்கு மாதத்துக்கு முன், விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வரும் வழியில், ஜுனைதாவின் மதிலுக்கு வெளியே தொங்கிய திராட்சைக் கொடியில் நட்டு வளர்க்க மூன்று தடி வெட்டினார். கேட்டால் ஜுனைதா கொடுத்திருப்பார். மனுசனுக்குக் கேட்கத்தான் வெட்கம், வெட்ட வெட்கமில்லை.

நட்ட தடிகள் காய்ந்தன. ஒரு கன்றாவது உண்டாக்கித் திருப்பிக் கொடுத்தால் பாவம் கழியும் என்று இன்னொரு கட்டு வெட்டி நட்டார். அவையும் காய்ந்தன. மனைவி றிஸ்மியா ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் தலைகீழாக நட்டிருக்கிறது என்றாள்.

அடுத்தது ஒட்டு. நுரைச்சோலையில் நல்ல திராட்சைக் கன்றொன்று வாங்கினார். செருகிப் பழகவென்று மேலும் ஒரு கட்டுத் தடி வெட்டிவந்தார். கன்றின் தலையை அறுத்து, பிளந்து, தடியைச் செருகி, பொலித்தீன் சுற்றினார். தடியும் செத்தது, கன்றும் செத்தது.

"வாங்கின கண்டை அப்பிடியே குடுத்திருக்கலாமே?" என்றாள் றிஸ்மியா.

நிஸாருக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியாகக் கடைத் திராட்சைப் பழத்தின் விதையைப் போட்டார். பத்தாம் நாளே முளைத்துப் படர்ந்தது. பள்ளிவாசலில் எல்லோரிடமும் பெருமையடித்தார். பூத்துக் காய்த்தபோது பார்த்தால், மண்ணில் கிடந்த விதையில் வந்த பாகல்.

ஜுனைதாவின் கொடியோ முடி களைந்த பிள்ளைத் தலை மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதைப் பார்க்கக் கூசி, நிஸார் பள்ளிக்குச் சுற்றுவழியில் போய்வந்தார்.

வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு, குனிந்த தலையோடு ஜுனைதாவின் முற்றத்தில் நின்று பொதுவாக மாப்புக் கேட்டார். அவரும் பொதுவாகக் கொடுத்து, துஆவும் செய்தார். அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தாத்தா, ஒங்கட கொடிய வெட்டின கள்ளன் நான்தான். ஒருதரம் இல்ல, மூணுதரம்."

ஜுனைதா கொடியைக் காட்டினார். நிஸார் நிமிர்ந்தார். வெட்டிய இடமெல்லாம் புதுத் துளிர், துளிருக்குத் துளிர் பிஞ்சுக் குலை. வெட்டிவிட ஆளில்லாமல் ஏழு வருடம் காய்க்காமல் கிடந்த கொடி அது.

ஜுனைதா வீட்டுப் பக்கம் திரும்பி, உள்ளே கதிரையில் சாய்ந்திருந்த கணவர் அத்தாஉல்லாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்க, கொடிய நான்தான் வெட்டிவிட்டேன் எண்டு சொல்லி மூணுதரம் கோழிப் புரியாணி ஆக்கவெச்சித் திண்டீங்களே, வெளிய வாங்க. நிஸார் மாப்புக் கேட்டு முடிஞ்சி, இனி ஒங்கட முறை."