எழும்பாத கணினிக்குக் கிடைத்த நற்சான்றிதழ்

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பழைய கிடங்குகளுக்கெல்லாம் கதவெண் கொடுப்பதற்கென்று அரசு மனமிரங்கி ஓர் அலுவலகம் திறந்திருந்தது. 'பழங்கட்டட எண் வழங்கல் உப அலுவலகம்' என்று பெயர். பலகையில் இடம் போதாமல் 'உப' மட்டும் கீழே தனியாகத் தொங்கியது. உள்ளே ஒரு சூப்பிரண்டு, ஒரு கிளார்க்கு, ஒரு கணினி, ஒரு காளி.

காளி பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். பகுதிநேரம் என்றால் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. பதினோரு வருஷமாக அப்படித்தான். இந்த முறை அவள் நிரந்தரமாக வேண்டுமென்றால், முப்பதாம் தேதிக்குள் அவளுடைய விவரங்கள் கணினி வழியாகத் தலைமையகம் போய்ச் சேர வேண்டும்.

இருபதாம் தேதி மாலை நாலு ஐம்பதுக்குக் கிளார்க்கு ஷீஜா விவரங்களை அடித்து முடித்தாள். அனுப்புவதற்குள் திரை நீலமாகிவிட்டது. 'அப்டேட் நடக்கிறது, முப்பது சதவீதம், கணினியை அணைக்காதீர்கள்' என்று இங்கிலீஷில் வந்தது. சுவரிலோ, ஐந்து மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்தே தீரவேண்டும் என்று மின்சிக்கனச் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது.

சூப்பிரண்டு ராமபத்ரன் பாலக்காட்டுக்காரர். ஓய்வுக்கு எட்டு மாதமே இருந்ததால் எதிலும் நிதானம். திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஸ்க்ரீன்ல வந்ததுல கையெழுத்து இல்லை. செவுத்துல இருக்கறதுல இருக்காக்கும்," என்று சொல்லி மெயினை அணைத்தார்.

மறுநாள் கணினி எழும்பவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமடித்தன, அவ்வளவுதான். காளி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பள்ளுருத்தியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் மகள் அம்பிளிக்கு ஃபோன் போட்டாள்.

"அது சாகல அம்மே, மயங்கிக் கெடக்கு," என்றாள் அம்பிளி. "பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சு, திரும்பப் போடணும். மூணு தரம் இப்படிச் செஞ்சா ஒரு நீல பேஜ் வரும். அதுல கடைசி அப்டேட்டை எடுத்துக் களைஞ்சா மதி, அது போதும். பத்து மினிட்டு. நான் வரட்டா?"

காளி ஓடிப்போய் ராமபத்ரனிடம் சொன்னாள்.

"உன் பொண்ணு அங்கீகாரம் உள்ள ஆளா?"

"அதில்ல சாரே. ஆனா சரியாக்கிருவா."

"சரியாக்கறவா நாட்டுல எத்தனையோ பேர் இருக்கா, காளி. அங்கீகாரம் உள்ளவர் ஜில்லாவுக்கு ஒருத்தர்தான்."

"அப்போ அவரை விளிங்க சாரே."

"ஆன்லைன்ல புகார் குடுக்கணும். எது கேடோ அந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் குடுக்கணும். வேற ஒண்ணுலேர்ந்து குடுத்தா, அந்த வேற ஒண்ணுக்கு வைத்தியம் பார்த்துட்டுப் போயிடுவார், கேட்டியா?"

காளி எவ்வளவு யோசித்தும் இதில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் அழுகை வந்தது.

அலுவலகம் சும்மா இருந்தது என்று யாரும் சொல்லக்கூடாது. கையேட்டைத் தேடி எடுத்தார்கள். 'இணைக்கப்பட்டுள்ள தேவையற்றவற்றை நீக்குக' என்று இருந்தது. பிரிண்டரை நீக்கினார்கள். மௌஸை நீக்கினார்கள். கணினி மேல் இருந்த பிளாஸ்டிக் ரோஜாவை நீக்கினார்கள். அப்படியும் எழும்பாததால், விண்ணப்பதாரர்களையும் வெளியே போய் நிற்கச் சொன்னார்கள்.

முப்பதாம் தேதி வந்தது, போயிற்று. காளியின் பெயர் எங்கும் போகவில்லை. அவள் வழக்கம்போல் தரையைக் கூட்டினாள், ஆனால் மனசு ஒட்டவில்லை.

ஒன்றாம் தேதி தலைமையகத்திலிருந்து ஃபோன் வந்தது. மெமோதான் என்று நினைத்த ராமபத்ரன் எழுந்து நின்றே எடுத்தார். வந்ததோ பாராட்டு. மாதாந்தரத் தரவரிசையில் மட்டாஞ்சேரி முதலிடம்! நிலுவை மனுக்கள் பூஜ்யம், தாமதம் பூஜ்யம், புகார் பூஜ்யம். எதுவும் பதிவாகாத இடத்தில் எது நிலுவையாகும்?

அடுத்த வாரமே நற்சான்றிதழ் கண்ணாடி போட்டு வந்தது. வைப்பின் தீவு அலுவலகத்திலிருந்து ஒரு குழு படகேறி வந்து கறுப்புத் திரையைப் பார்த்து, குறிப்பெடுத்து, அதன் முன் நின்று செல்ஃபியும் எடுத்துக்கொண்டு போயிற்று. கடைசியில் இணை இயக்குநர் கமலாக்ஷியே திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்து இறங்கினார்.

"எப்படிச் சாதித்தீர்கள்?"

"எதுலயும் குறுக்கிடாம விட்டோம், மேடம்," என்றார் ராமபத்ரன், உண்மையாகவே.

"குறுக்கீடற்ற நிர்வாகம்!" கமலாக்ஷி அதைக் குறித்துக்கொண்டார். அந்த வருஷக் கருத்தரங்குகளுக்கெல்லாம் அதுவே தலைப்பாயிற்று. "சரி, இந்தக் கணினியை யார் பராமரிக்கிறார்கள்?"

ராமபத்ரன் ஷீஜாவைப் பார்த்தார், ஷீஜா மின்விசிறியைப் பார்த்தாள். மூலையில் துணியோடு நின்ற காளி சொன்னாள்: "நாந்தான் மேடம், டெய்லி தொடைக்கிறது. பட்டன்ல கை படாமத் தொடைப்பேன்."

"பட்டனில் கை படாமல்!" இணை இயக்குநர் அதையும் குறித்துக்கொண்டு, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அங்கேயே புதுப் பணியிடம் உருவாயிற்று. 'கணினி நிலைபேணர்', நிரந்தரம். கணினி ஓடாததால் ஆணையைக் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷம் நகராத காரியம் பதினோரு நிமிஷத்தில் முடிந்தது. கடைசி வரியில் ஒரே ஒரு நிபந்தனை: கணினி தற்போதைய நிலையிலிருந்து மாறுமானால் இப்பணியிடம் தானாகவே ஒழியும்.

காளி அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்து அம்பிளி கவுண்டருக்கு வந்தாள். பழைய மிளகுக் கிடங்கில் ஓர் அறை பிடித்துச் சொந்தமாக ரிப்பேர் கடை போடத் துடித்துக்கொண்டிருந்தாள். கதவெண் இல்லாமல் கரண்டு கிடைக்காது. இது நாலாவது நடை. பின்னால் வரிசையில் நாற்பது பேர்.

"கம்ப்யூட்டர் எழும்பலயே மோளே," என்றாள் காளி, நாற்காலியில் சாய்ந்தபடி.

"எனக்கு வயித்தெரிச்சலா வருது அம்மே! பத்து மினிட்டு காரியம், தள்ளு!"

"செய்யட்டும் சேச்சி! இந்த ஆபீஸே உருப்படாது!" என்று நாற்பது பேரும் கத்தினார்கள்.

அம்பிளி கவுண்டருக்கு மேலாக எக்கிப் பட்டனை நோக்கிக் கையை நீட்டினாள். காளி அந்தக் கையைப் பிடித்து, காதோடு சொன்னாள்:

"மோளே, அடுத்த மாசம் உதவி நிலைபேணர் எடுக்கிறாங்க. நிரந்தரம். பென்ஷன் உண்டு."

அம்பிளி அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சையை மூன்று தரம் எழுதியவள். நீட்டிய கை அப்படியே நின்றது. மெதுவாக அதை இழுத்துக்கொண்டு, கடை விண்ணப்பத்தைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"எத்தனை போஸ்ட்டு அம்மே?"

காளி காதோடு சொன்னதுதான். ஆனால் வரிசையில் கூச்சல் சட்டென்று அடங்கிவிட்டது. நாற்பது பேரும் தங்கள் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒருவர் சட்டைப் பையில் ஒருவர் பேனா தேடிக்கொண்டிருந்தார்கள்.