நடுவில் உட்கார்ந்திருந்தவரின் கால்

கல்யாணம் நிச்சயமான பெண்ணிடம் எந்த வேலையையும் நம்பிக் கொடுக்கக் கூடாது. உடம்பு இங்கே நிற்கும், ஆள் இருக்கமாட்டாள். குழம்பில் இரண்டு தடவை உப்பு விழும். மாட்டுக்கு வைக்க எடுத்த தவிட்டை அடுப்படியில் வைத்துவிட்டு, அரிசியைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டுவாள். ஊர்ப் பெண்களைப் பார்த்துச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். எல்லாம் நான் செய்ததுதான்.

இத்தனைக்கும் நான் லேசுப்பட்ட பெண் இல்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனாலும், நடவில் வெண்ணாற்றங்கரை முழுக்க எனக்குப் பேர் உண்டு. நான் நட்ட வரிசையை நூல் பிடித்துப் பார்த்தாலும் விலகாது. (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.)

அறுபத்தேழில் ஆட்சி மாறின புதிது அது. எங்கள் பக்கம் வயலுக்கு வயல் தகராறு. அப்பா குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த நிலத்தை விட்டு எழுந்திரு என்று பெரிய வீட்டுக்காரர் சொல்ல, அப்பா எழுந்திருக்கமாட்டேன் என்று வரப்பில் செங்கொடியை நட்டுவிட்டார். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் ஆனி மாதத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு மன்னார்குடியில் ரைஸ் மில்லில் வேலை. அவருடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர். பெண் பார்க்கிற வழக்கமே அடிமைத்தனம் என்று மேடையில் பேசுகிறவர். ஆனாலும் வந்திருந்தார். காராச்சேவும் தின்றார்.

அம்மா என்னை உள்ளே நிறுத்தி, தட்டைக் கையில் கொடுத்து, இரண்டே இரண்டு விஷயம் சொன்னாள்.

"தலையை நிமித்துனே, தோலை உரிச்சுப்புடுவேன். பெஞ்சுல நடுவுல உக்காந்திருக்கவருதான் மாப்பிள்ளை, மொதக் காப்பி அவருக்கு."

நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தாமல் எப்படி மாப்பிள்ளையைப் பார்ப்பது? தட்டுக்குக் கீழே தெரிகிறது எதுவோ அதைத்தான் பார்க்கமுடியும். பெஞ்சுக்கு அடியில் வரிசையாகக் கால்கள். நடுவில் இருந்த காலுக்கு முன்னால் போய் நின்றேன்.

அப்படி ஒரு காலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீளமான விரல்கள். பாதத்தில் நரம்பு ஓடியிருந்தது. செருப்பு வார் மறைத்த இடம் மட்டும் வெளுத்து, வலது பெருவிரல் நகம் நடுவில் பிளந்து, தாமரை மொட்டு அப்போதுதான் விரியப்போகிற மாதிரி இருந்தது. (பிளந்த நகம் தாமரை மொட்டா என்று கேட்பீர்கள். பத்தொன்பது வயதில் கேட்டுப் பாருங்கள்.) ஒரு கை வந்து டம்ளரை எடுத்துக்கொண்டது. நான் மற்றவர்களுக்கும் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவ்வளவுதான் பெண் பார்த்தது.

பெண் பிடித்திருக்கிறது என்று சேதி வந்தது. தையில் அறுப்பு முடிந்ததும் மாசியில் கல்யாணம் என்று முடிவானது.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்த வாழ்க்கையை என்னவென்று சொல்வேன்? மஞ்சள் பூசிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தால், ஈரத் தரையில் அந்தக் கால் வந்து நிற்கும். சாயங்காலம் மேற்கே வெயில் சாய்ந்து, வாய்க்கால் தண்ணீர் தங்கமாகிற நேரத்தில், நான் ஒரு கரையிலும் அந்தக் கால் மறு கரையிலுமாக நடப்போம். பூம்புகாருக்கு நான் போனதே இல்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை போனேன் தெரியுமா? அலை வரும், என் கொலுசுக் காலையும் அந்தக் காலையும் சேர்த்து நனைத்துவிட்டுப் போகும். ஈர மணலில் நாலு பாதம் பதியும். ஒரே ஒரு குறைதான். கனவில் முழங்காலுக்கு மேலே போகமுடியாது. அங்கே வேட்டி இருக்கும், அதற்கு மேலே மேகம்தான். "மாப்பிள்ளை மூக்கும் முழியுமா இருக்காரு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லக் கேட்டு, அந்த மேகத்தில் ஒரு மூக்கை மட்டும் வைத்துப் பார்த்தேன். சரியாக உட்காரவில்லை.

புரட்டாசி பிறந்தது. நாற்று தயார். அப்போதுதான் மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு பேச்சு காதில் விழுந்தது. நிலமே கையை விட்டுப் போகும்போல இருக்கிறதே, கல்யாணத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளையின் அப்பா யோசிக்கிறாராம். அடுத்த வருஷம் என்றால் எங்கள் ஊரில் கல்யாணமே இல்லை என்று அர்த்தம். அம்மா அழுதாள். அப்பா மட்டும் திடமாக இருந்தார்.

"நட்டுட்டோம்னா அறுக்குற வரைக்கும் எவனும் வயல்ல எறங்கமாட்டான். பயிரு நின்னா கல்யாணம் நடக்கும். நாளைக்கே நடவு."

அதனால் அன்றைய நடவு மற்ற நடவு மாதிரி இல்லை. பெரிய வீட்டுக் காரியஸ்தர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் கடைசி நாற்றுமுடி வரைக்கும் நட்டாகவேண்டும். நட்டால் எனக்கு மாசியில் கல்யாணம், நடாவிட்டால் இல்லை. ஊர்ப் பெண்களெல்லாம் கூலி பேசாமல் இறங்கினார்கள். எனக்கு வரப்போரம். எனக்குப் பக்கத்தில் அஞ்சலை அத்தை. அத்தைக்கு வாய் எட்டு ஊர் கேட்கும்.

"ஏண்டி நீலா, இப்பிடி ஆடி அசைஞ்சு நட்டா ஒன் கல்யாணத்துக்கு ஒன் பேரன்தான் பந்தல் போடணும்."

நான் சிரித்தேன். வேகமாகத்தான் நட்டேன். ஆனால் மேகம் மூடிக்கொண்டு ஒரு இளங்காற்று அடித்தது. தண்ணீரில் வானம் தெரிந்தது. வானத்திலேயே நாற்றைச் செருகிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அப்புறம் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. பூம்புகாரில் இருந்திருப்பேன்.

குனிந்தபடியே பின்னால் நகர்ந்து வரப்பை ஒட்டி வந்தேன். தலைக்குப் பக்கத்திலேயே வரப்பு. அதில் இரண்டு கால்கள் வந்து நின்றன. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கவேண்டும். வார் இருந்த இடம் வெள்ளை. நீள விரல். வலது பெருவிரலில் அந்த நகம்!

மாப்பிள்ளை! என்னைப் பார்க்க, யாருக்கும் தெரியாமல், அத்தனை தூரம் வந்திருக்கிறார்!

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது வெளியாள் யாராவது வரப்பில் வந்தால், வழியில் ஒரு முடி நாற்றைப் போட்டு மறிப்போம். குலவை போடுவோம். வந்தவர் வெற்றிலை பாக்குக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் முடியைத் தாண்டலாம். கொடுக்காதவர் காலில் சேறு பூசிவிடுவோம். வயதான பொம்பளைகள்தான் முன்னால் நின்று இதைச் செய்வார்கள். கல்யாணம் ஆகாத பெண் வாயைத் திறக்கமாட்டாள்.

அன்றைக்கு நான் திறந்தேன்.

கையிலிருந்த முடியை அந்தக் காலுக்கு முன்னால் போட்டேன். குலவை போடவில்லை, காசும் கேட்கவில்லை. ஒரு கை சேற்றை எடுத்து, அந்தப் பெருவிரலில், மருதாணி வைக்கிற மாதிரி, தொப்பி தொப்பியாக அப்பினேன். அப்பிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், குரலைக் குழைத்து (அந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை) சொன்னேன்:

"மாசி வரைக்கும் பொறுக்க முடியலையாக்கும்? களவாணி மாதிரி வரப்புல வந்து நிக்கிறீங்க!"

நாணத்தில் வாயடைத்துப்போனார் என்று நினைத்து, இடது கால் பெருவிரலுக்கும் அப்பத் தொடங்கினேன். வயலில் வளையல் சத்தம்கூட இல்லை. மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது வயதான தொண்டை.

மெதுவாக நிமிர்ந்தேன். வேட்டி. கறுப்புச் சட்டை. அதற்கு மேலே, மேகம் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு பெரிய நரைத்த மீசை.

ஓடிவிடலாம் என்று திரும்பினேன். கால் சேற்றை விட்டு வரவில்லை. உடம்பு மட்டும் ஓடியது. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பக்க வரப்பிலிருந்து அப்பா ஓடி வந்தார். "வாங்க, வாங்க சம்பந்தி! சொல்லி அனுப்பியிருந்தா நானே..."

"அதெல்லாம் கெடக்கட்டும். யாருங்க இந்தப் பொண்ணு?"

அவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்தால்தான் ஆச்சரியம். அவர் பார்த்தது என் வகிட்டை மட்டும்தானே!

அப்பா என்னைப் பார்த்தார், அவர் காலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நம்ம... நம்ம நீலாதாங்க."

"மருமவளா?"

அஞ்சலை அத்தைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க பெரியவரே. சின்னப் புள்ள. உங்க மகன் வந்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டா."

"என் மகனா? அவன் காலு பலாக்கட்டை மாதிரியில்ல இருக்கும்!"

என் கனவுக்கு அப்படி ஒரு பேர் வைத்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சேற்றில் உட்கார்ந்தபடியே சொன்னேன்: "இல்லீங்க மாமா. அவுங்க காலு இதே மாதிரிதான். நகம்கூட இப்பிடித்தான் வெடிச்சிருக்கும். நடுவுல உக்காந்திருந்தாங்கள்ல, நான் பாத்தேன்."

அவர் மீசை ஆடத் தொடங்கியது.

"ஏம்மா, நடுவுல உக்காந்திருந்தது நானும்மா. கூரை ஓட்டையில வெயிலு என் மூஞ்சில அடிக்குதுன்னு அவன் எந்திரிச்சு எடம் மாத்திக் குடுத்தான். மூலையில நெல்லுக் குத்துற குந்தாணி மேலே குந்தியிருந்தானே, அவன்தான் மாப்பிள்ளை. அவனுக்குக் காப்பியே வரல, ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் பொலம்பிக்கிட்டே வந்தான்."

வயல் முழுக்க ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், கொக்கெல்லாம் எழுந்து பறந்துவிட்டன. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம்! கிணற்றடி, வாய்க்கால் கரை, பூம்புகார், எல்லா இடத்துக்கும் நான் மாமனாரோடு போய்வந்திருக்கிறேன்!

"பெரியவருக்கு மொதக் காப்பி குடுக்குற மரியாதை தெரிஞ்ச பொண்ணுன்னு, அதைப் பாத்துத்தானே நான் தலையாட்டுனேன்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் முகம் மாறியது. அப்பா பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, நான் வந்தது வேற விஷயம். நெலம் இப்பிடி இழுபறியில கெடக்கு. கல்யாணத்தை ஒரு வருஷம்..."

"அதைச் சொல்றதா இருந்தா முடியைத் தாண்டாதீங்க" என்றாள் அஞ்சலை அத்தை. இடுப்பில் சேற்றுக் கையை வைத்துக்கொண்டு வரப்பை மறித்து நின்றாள். "இந்த வயலு இன்னிக்கு நட்டு முடியும். கண்ணால பாத்துட்டுப் போங்க."

அவர் வயலைப் பார்த்தார். எல்லா வரிசையும் நேராகப் போக, வரப்போரத்தில் ஒன்று மட்டும் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வந்தது.

"அது என்ன, அது மட்டும் கோணலா இருக்கு?"

"அது உங்க காலை நெனச்சுக்கிட்டு நட்டதுங்க" என்றாள் அத்தை.

அப்போதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த மனிதருக்கு, கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிற பேச்சை மறுபடி எடுக்க முடியவில்லை. போகவும் மனமில்லை. அப்படியே வரப்பில் நின்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் காரியஸ்தர் நாலைந்து தடியாட்களோடு வந்து சேர்ந்தார். "நடவை நிறுத்துங்க" என்றவர், செங்கொடிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சட்டை நிற்பதைப் பார்த்ததும் குழம்பிப்போனார்.

"நீங்க யாரு? எந்த ஊரு?"

"பொண்ணுக்கு மாமனாரு. மாசியில கல்யாணம். இந்த வயலு நெல்லுலதான் சாப்பாடு." சேறு காய்ந்துகொண்டிருந்த காலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார். "வழியில முடி கெடக்கு, தெரியலையா? நடவுக்காரப் பொம்பளைங்களுக்கு வெத்தலை பாக்கு வச்சிட்டுத் தாண்டுங்க. நானே தாண்டல."

அத்தை குலவையை எடுத்தாள். வயல் மொத்தமும் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தில் காரியஸ்தர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் ஒருவர் நிற்கிற வரப்பில் கை வைக்க அவருக்குத் துணிச்சலும் இல்லை. திரும்பிப் போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் கடைசி முடியையும் நட்டோம். தையில் அறுத்தோம்.

நடவு முடிந்த மறு வாரமே மாமனார் மகனை அனுப்பிவைத்தார். "அந்தப் பொண்ணை நல்லா நிமிந்து பாக்கச் சொன்னேன்னு சொல்லு" என்று சொல்லியனுப்பினாராம். பாவம், சந்தையில் மாடு நிற்கிற மாதிரி கொல்லையில் வந்து நின்றார். மேலேயிருந்து தொடங்கிப் பார்த்தேன். மூக்கு நன்றாகவே இருந்தது. காலைக் கடைசியாகப் பார்த்தேன். பலாக்கட்டை என்று சொன்னது கொஞ்சமும் பொய்யில்லை. சரி, மூக்குக்காகக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. முதலில் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் விருந்தாள் வந்தால், நடு நாற்காலியில் உட்கார ஒருவரும் சம்மதிப்பதில்லை. "வேணாம்ப்பா, எங்க மாமியாரு ஆளை மாத்திப்புடுவாங்க" என்று மருமகள்கூடச் சொல்கிறாள்.

கூடத்தில் எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. புரோகிதர் இல்லாத சீர்திருத்தக் கல்யாணம். தலைவர் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். மாலை போட்டதும் போட்டோக்காரர், "எல்லாரும் இங்க பாருங்க" என்றார். மாப்பிள்ளை பார்த்தார். அப்பா, அம்மா, மாமனார், பந்தலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் மட்டும் கழுத்தை முழுசாகத் திருப்பி, கண்ணை அகல விரித்து, பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், "என்னங்க இது, கல்யாணத்தன்னிக்கே இப்பிடி முறைக்கிறாங்க?" என்று கேட்பார்கள்.

"முறைக்கலீங்க" என்பார் என் வீட்டுக்காரர். "ஆளு சரிதானான்னு பாத்துக்கிறா."