ஏழாம் நம்பர் பரண்

யெர்கருக்குத் திடீரென்று பிள்ளைப் பாசம் பொங்கியது. மகள் தூவா பிறந்து பத்து மாதமாகியும் டயப்பர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாதவன், அரசாங்கம் தரும் சம்பளத்தோடு இரண்டு வாரம் அப்பா விடுப்பு எடுக்கப் போகிறானாம். அதுவும் செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து.

எங்கள் வட ஸ்வீடன் பக்கம் அந்த வாரத்தில் அப்பாக்களுக்குப் பாசம் பொங்குவது புதிதல்ல. எல்க் மான் வேட்டை அப்போதுதான் தொடங்குகிறது. யெர்கர் தன் வருடாந்தர லீவையெல்லாம் கோடையிலேயே மீன் பிடித்துத் தீர்த்துவிட்டான். அதற்காக ஏழாம் நம்பர் பரணை விட்டுவிட முடியுமா? காட்டில் பதினெட்டு வருடமாக அவன் உட்காரும் வேட்டைப் பரண். அதற்கு எதிரேதான் பெரிய கொம்பன் ஒன்று கோடை முழுதும் மேய்ந்தது. அதைத் தன் கையால் சுடாவிட்டால் பிறந்ததே வீண் என்று இருந்தான். மனைவி இல்வா எப்படியும் ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டு வீட்டில்தானே இருக்கிறாள். பிள்ளையை அவள் பார்ப்பாள், மானை இவன் பார்ப்பான்.

விஷயத்தைச் சொன்னதும் இல்வா உருகிவிட்டாள். படிவத்தைத் தானே நிரப்பித் தருவதாகச் சொன்னாள். சொன்னபடி நிரப்பி, போனை நீட்டினாள். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த யெர்கர் ஒரு வரிகூடப் படிக்காமல் சுண்டுவிரலால் ஒப்புதலை அழுத்தினான்.

மர ஆலையில் கேக் வெட்டினார்கள். முதலாளி அவனைக் கட்டிக்கொண்டு, இந்தத் துணிச்சல் தனக்கு ஒருநாளும் வராது என்று கண் கலங்கினார். இரண்டு வாரத்துக்கா இவ்வளவு அழுகை என்று யெர்கருக்குத் தோன்றியது. இரண்டாவது துண்டு கேக்கில் அது மறந்துபோனது.

வேட்டை நாள் காலை ஆறு மணிக்கு வேட்டைச் சட்டை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தான். அங்கே இல்வா ஆரஞ்சுத் தொப்பியோடு ஃபிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். தோளில் துப்பாக்கி. கல்யாணத்துக்கு முன்பே வேட்டை உரிமம் வாங்கியவள் அவள். அது அவனுக்கு வசதியாக மறந்துபோயிருந்தது.

“எங்க கிளம்பிட்ட?”

“ஏழாம் நம்பர் பரணுக்கு.”

“அது என்னோடது.”

“நீதான் பிள்ளையைப் பாக்க லீவு போட்டிருக்கியே. வேட்டைக் குழுத் தலைவர் ஹோகன்கிட்ட சொன்னேன், உன் பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதிட்டார்.”

“நீ பாத்துக்குவேன்னு நெனச்சேன்.”

“நான் பாத்துக்கிட்டா உனக்கு எதுக்குப்பா சம்பளம் தர்றாங்க? அரசாங்கத்தையே ஏமாத்தற ஆளா நீ?”

ஸ்வீடன்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. வாசலில் காரோடு காத்திருந்த ஹோகன், உன்னைப் போல அப்பன் உண்டா என்று கட்டைவிரலை உயர்த்தினார். தூவா யெர்கரின் பூட்ஸைப் பிடித்து எழுந்து, அதிலேயே கஞ்சியைக் கக்கினாள்.

முதல் டயப்பரைத் திருப்பிக் கட்டினான். இரண்டாவது தூவா தவழும்போதே கழன்றது. மூன்றாவதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது காட்டில் ஒரு வெடிச் சத்தம். அலமாரி மேலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

“ஏழாம் நம்பர். பெரிய கொம்பன். ஒரே குண்டு.”

இல்வாவின் குரல்தான். யெர்கருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. தூவாவும் துணைக்கு அழுதாள்.

சாயங்காலம் இல்வா வந்தபோது அவன் ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

“பரவால்ல. ரெண்டு வாரம்தானே. அக்டோபர்ல மறுபடி வேட்டை தொடங்கும்ல, அப்ப நான் போறேன்.”

இல்வா தூவாவைத் தூக்கி முத்தம் கொடுத்தாள்.

“ரெண்டு வாரமா? படிவத்துல மே மாசக் கடைசி வரைக்கும்னு இருந்துச்சே. நாளைலேருந்து எனக்கு வாரநாள்ல ஆஸ்பத்திரி டியூட்டி, சனி ஞாயிறு பரண்.”

முதலாளி எதற்காக அழுதார் என்பது யெர்கருக்கு அப்போதுதான் விளங்கியது.